அப்டேட்: அத்தையோட ரேடியேஷன் ஸ்டிக்கர்

அத்தை போன்ல ஒட்டியிருந்த 'கதிர்வீச்சு தடுக்கும்' ஸ்டிக்கர் வேலை செய்யுமான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி இது. ஒட்டியும் ஒட்டாமலும் ஒரே இடத்துல வச்சு சிக்னல் பாத்தேன், வித்தியாசமே இல்ல, நிஜமாவே தடுத்தா கால் எப்படி வரும், பாதி மறைச்சா கூட டவரைப் பிடிக்க போன் இன்னும் பவர் கூட்டித்தான் அனுப்பும். எக்ஸ்ரே மாதிரி டிஎன்ஏவை உடைக்கற சக்தி போன் அலைக்கு கிடையாது. 2011ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு போன் அலையை 2பி பட்டியல்ல, அதாவது 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்'ங்கற பட்டியல்ல, சேத்தது உண்மைதான், ஆனா அது ஆதாரம் குறைவா இருக்கறதுக்கான வகை.

எனக்கு கோவம் வந்தது வேற விஷயத்துக்கு: 2021ல நெதர்லாந்து கதிரியக்க பாதுகாப்பு ஆணையம் சோதிச்சதுல, 5ஜியை தடுக்கும்னு வித்த 10 பொருள்லயே கதிரியக்கம் இருந்துச்சு, அதுல குழந்தைங்க போடற பிரேஸ்லெட்டும் ஒண்ணு! அத்தைகிட்ட காட்டினேன், ஸ்டிக்கரை அப்பவே பிச்சு போட்டுட்டாங்க.