‘லா போர்த், சில் வூ ப்ளே!’ – பாரிஸ் பஸ்ஸிலும் ரயிலிலும் கைகொடுத்த சொற்கள்

சென்னையிலிருந்து:
போன அக்டோபரில் அக்கா வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் தனியாக பஸ் ஏறினேன். நிறுத்தம் வருவதற்கு முன்பே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். முன்னால் ‘அரே தெமாந்தே’ என்று எழுத்து ஒளிர்ந்தது; யாரோ இறங்கக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பஸ்ஸும் நின்றது. நடுக்கதவு மட்டும் திறக்கவில்லை. கதவுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியும் பயனில்லை, எனக்கோ வாயில் ஒரு சொல் வரவில்லை. பக்கத்தில் காய்கறி வண்டியைப் பிடித்தபடி நின்ற பாட்டி ஓட்டுநரைப் பார்த்து, “லா போர்த், சில் வூ ப்ளே!” என்று குரல் கொடுத்தார். ‘கதவு, தயவுசெய்து.’ உடனே திறந்தது. “மெர்சி” என்று அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். வீடு வரைக்கும் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பாரிஸ் லா சப்பேல் பக்கத்திலிருந்து, சொந்த ஊர் யாழ்ப்பாணம்:
தம்பி, அதற்கும் முன்னால் பழக வேண்டியது ‘பொன்ஜூர்’. வந்த புதிதில் கவுண்டரில் நேராக டிக்கெட் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பதில் சொல்லாமல், “பொன்ஜூர், மிஸியே” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முதலில் வணக்கம் சொல் என்கிறார் என்பது பிடிபட எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதன்பிறகு பொன்ஜூர் சொல்லாமல் நான் யாரிடமும் வழி கேட்டதில்லை. மாலையில் ‘பொன்சுவார்’.

மெத்ரோ ரயிலில் கதவோரம் நின்றால் பின்னாலிருந்து “வூ தெசாந்தே?” என்று கேட்பார்கள். ‘இறங்குகிறீர்களா?’ ஆமென்றால் ‘வீ’. இல்லையென்றால் கீழே இறங்கி வழிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நெரிசலில் கதவோர மடக்கு இருக்கையில் உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுங்கள்.

கோவையிலிருந்து:
எனக்கு விமானமே தப்பியிருக்கும். பாரிஸையும் புறநகர்களையும் இணைக்கும் ஆர்.ஈ.ஆர். பி ரயில் பாதை வடக்கே ஓல்னே-சூ-புவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு, இன்னொன்று மித்ரி-க்ளேக்கு. கார் து நோர் ரயில் நிலையத்தில் பலகையைப் பார்க்காமல், வந்த ரயிலில் பெட்டியோடு ஏறிவிட்டேன். மனசு கேட்காமல் எதிரே இருந்த கல்லூரிப் பெண்ணிடம், “பொன்ஜூர், சு த்ரேன் வா அ லாயெரோபோர்?” என்றேன். ‘இந்த ரயில் விமான நிலையம் போகுமா?’ அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றி, “நோன், மித்ரி!” என்றார். ஓல்னே வந்ததும் அவரும் இறங்கி, என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நடைமேடையில் வைத்துவிட்டு, கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அடுத்த ரயிலின் பலகையில் ‘அயெரோபோர்’ என்று இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் காலை உள்ளே வைத்தேன்.

சென்னையிலிருந்து:
அண்ணா, இன்று அக்காவிடம் சொன்னேன். கூட ஒன்று சேர்க்கச் சொன்னாள்: வண்டிக்குள் “தெர்மினுஸ்” என்று அறிவித்தால் அதுதான் கடைசி நிறுத்தம், எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.