ஐரோப்பிய வாசகர்களிடம் விளம்பரக் குக்கிகளுக்கு ஒப்புதல் பெறுவது: அறிவிப்புப் பட்டை மட்டும் போதுமா?

லென்சுப்பெட்டி எழுதியது:

வணக்கம். பழைய பிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றிய ஒரு தளத்தை ஆறு ஆண்டுகளாகத் தனியாளாக நடத்தி வருகிறேன். வாசகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இருபது கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலும் வெளியிட்டேன். சர்வர் செலவு முழுவதும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தரும் வருவாயிலிருந்துதான் போகிறது.

சென்ற வாரம் ஒரு ஜெர்மானிய வாசகர் மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். என் தளத்தைத் திறந்துவிட்டு எதையும் தொடாமல் காத்திருந்ததாகவும், அதற்குள்ளாகவே தம் பிரவுசரில் பதினொரு குக்கிகள் (தளங்கள் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு தகவல் கோப்புகள்) பதிந்துவிட்டதாகவும் எழுதி, அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருந்தார். படத்தின் அடிப்பகுதியில் என் அறிவிப்புப் பட்டை தெரிந்தது: "இத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் குக்கிகளுக்கு ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்." அதற்குப் பக்கத்தில் "சரி" என்ற ஒரே ஒரு பொத்தான். நானே எழுதிய வரிதான், ஆனாலும் அவருடைய திரையில் அதைப் பார்த்தபோது கூசிப்போனேன்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. நான் ஐரோப்பாவில் இல்லாதபோது ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்துமா? தனிப்பயன் விளம்பரங்களை (ஒவ்வொருவரின் விருப்பத்தைக் கணித்துக் காட்டும் விளம்பரங்களை) நிறுத்திவிட்டால் ஒப்புதல் கேட்கவே தேவையில்லை என்று சிலர் சொல்வது சரியா? "நிராகரி" பொத்தானை முதல் திரையிலேயே வைத்தாக வேண்டுமா, அல்லது "அமைப்புகள்" என்பதற்குள் வைத்தால் போதுமா? வாசகரை ஏமாற்றி வரும் வருவாய் எனக்கு வேண்டாம். அதே சமயம் தளத்தை மூடிவிடவும் மனமில்லை.

நூல்வலை எழுதியது:

வணக்கம் நண்பரே. அந்த வாசகர் சொன்னது முற்றிலும் சரி, நீங்கள் அதை எடுத்துக்கொண்ட விதமும் சரி. உங்கள் கேள்விகளுக்கு வரிசையாக வருகிறேன்.

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்க முன்வந்தாலும், அவர்கள் அங்கே நடந்துகொள்ளும் விதத்தைக் கண்காணித்தாலும், வெளியே இருப்பவரையும் அது கட்டுப்படுத்தும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தளத்தை ஐரோப்பாவிலிருந்து திறக்க முடிகிறது என்பது மட்டும் இதற்குப் போதாது. ஆனால் நீங்கள் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறீர்கள். விளம்பரக் குக்கிகள் வாசகர்களைத் தளத்துக்குத் தளம் பின்தொடர்கின்றன. எனவே இந்தச் சட்டத்துக்கு வெளியே இருப்பதாகச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். குக்கிகளைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது ஜிடிபிஆரை அன்று. அதற்கு முந்தைய 2002ஆம் ஆண்டின் இ-பிரைவசி உத்தரவையும் (மின்னணுத் தொடர்புகளில் தனியுரிமை பற்றிய ஐரோப்பிய விதி), 2009இல் திருத்தப்பட்ட அதன் 5(3) பிரிவையும்தான். பயனரின் கருவியில் ஏதேனும் ஒன்றைச் சேமிக்க வேண்டுமென்றாலும், அங்கு ஏற்கெனவே உள்ளதைப் படிக்க வேண்டுமென்றாலும், அவர் கேட்ட சேவைக்கு அது இன்றியமையாததாக இருந்தாலொழிய, முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அந்தத் தகவல் தனிப்பட்ட தரவா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. ஒரே விளம்பரம் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வராமல் தடுக்கவும், மோசடிச் சொடுக்குகளைக் கண்டுபிடிக்கவும் தனிப்பயனற்ற விளம்பரங்களும் குக்கிகளைப் பயன்படுத்துகின்றன. ஆகவே அந்த வகைக்கு மாறிவிட்டால் ஒப்புதல் கேட்க வேண்டாம் என்பது தவறான நம்பிக்கை.

உங்கள் பட்டையில் உள்ள வாசகத்தை இன்றே எடுத்துவிடுங்கள். 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டத்தைப் பயனர் நீக்காமல் விட்டது ஒப்புதல் ஆகாது என்று தெளிவாகவே தீர்ப்பளித்தது. குக்கி எத்தனை காலம் இருக்கும், வேறு யாருக்கெல்லாம் அது எட்டும் என்பதையும் பயனருக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. பக்கத்தை உருட்டுவதோ தொடர்ந்து படிப்பதோ ஒப்புதலாகாது என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. ஒப்புதல் என்பது ஒருவர் தெரிந்து, தாமாக முன்வந்து செய்யும் ஒரு செயல். பேசாமல் இருப்பவர் தலையாட்டிவிட்டதாக நாமே எழுதிவைத்துக்கொள்ள முடியாது.

"நிராகரி" பொத்தானை முதல் திரையிலேயே வையுங்கள். ஏற்றுக்கொள்ள ஒரே சொடுக்கு போதும் என்றிருக்கும்போது மறுக்க மட்டும் பல சொடுக்குகள் தேவைப்பட்டதைக் காரணம் காட்டி, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் தளம் அந்த அளவுக்குப் பெரியதன்று என்பது உண்மைதான். ஆனால் மறுப்பதும் ஏற்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்ற விதியில் சிறிய தளம், பெரிய தளம் என்ற வேறுபாடு கிடையாது.

தறியோசை எழுதியது:

சட்டத்தை மேலே உள்ளவர் நன்றாக விளக்கிவிட்டார். நான் செயல்முறையை மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் இதே பள்ளத்தில் நான் ஏற்கெனவே விழுந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்ற ஒரு தளத்தில், பார்ப்பதற்குக் குறையே சொல்ல முடியாத ஒரு பட்டை இருந்தது. ஏற்பு, மறுப்பு, அமைப்புகள் என மூன்று பொத்தான்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன. ஆனால் மறுப்பை அழுத்திய பிறகும் விளம்பரக் குக்கிகள் அங்கேயே கிடந்தன. காரணம் எளியது: பட்டையின் ஸ்கிரிப்ட் பக்கத்தின் அடியில் இருந்தது, விளம்பரத்தை வரவழைக்கும் நிரல்துண்டான டேக் தலைப்பகுதியில் இருந்தது. வாசகர் பட்டையைப் பார்ப்பதற்கு முன்பே டேக் ஓடி முடித்துவிடும். யாருமே அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

ஆகவே முதலில் உங்கள் வாசகர் செய்ததை நீங்களே செய்து பாருங்கள். இன்காக்னிட்டோ சாளரத்தில் தளத்தைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், குக்கிப் பட்டியலையும் லோக்கல் ஸ்டோரேஜையும் (தளங்கள் பிரவுசரில் தகவலைச் சேமிக்கும் இன்னோர் இடம்) பாருங்கள். பலர் குக்கியை மட்டும் பார்த்துவிட்டு லோக்கல் ஸ்டோரேஜை மறந்துவிடுகிறார்கள். 5(3) பிரிவு இரண்டுக்கும் பொருந்தும். எதையும் அழுத்தாதபோது பட்டியலில் என்ன இருக்கிறது, மறுத்த பிறகு என்ன இருக்கிறது, ஏற்ற பிறகு என்ன சேர்கிறது என மூன்று நிலைகளையும் தனித்தனியே எழுதி வையுங்கள். ஐரோப்பாவில் இருப்பவருக்கு மட்டும் பட்டை காட்டும்படி அமைத்திருந்தால், அங்கிருந்து பார்க்கும் ஒருவரைக் கொண்டும் சோதிக்க வேண்டும்.

அடுத்து, நீங்களாக எழுதிய பட்டையை வைத்துக்கொண்டு ஆட்சென்ஸை முன்போலவே தொடர முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் ஐக்கிய இராச்சியத்திலும் உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்டும் தளங்கள், ஐஏபி ஐரோப்பா என்ற விளம்பரத் துறைச் சங்கத்தின் டிசிஎஃப் கட்டமைப்போடு (ஒப்புதலைப் பதிந்து பகிர்வதற்கான பொது விதிமுறை) இணைந்ததும் கூகுள் சான்றளித்ததுமான ஒப்புதல் மேலாண்மைக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2024 ஜனவரி 16 முதல் கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. ஸ்விட்சர்லாந்துக்கு அதே ஆண்டு ஜூலை இறுதியில் அது நீட்டிக்கப்பட்டது. கட்டணமில்லாத ஒரு கருவி ஆட்சென்ஸ் கணக்கிற்குள்ளேயே இருக்கிறது. அதில் இரண்டு பொத்தான் வடிவம், மூன்று பொத்தான் வடிவம் என இரண்டு உண்டு. "ஒப்புதல் இல்லை" என்பது முதல் திரையிலேயே வரும் மூன்று பொத்தான் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தக் கருவி வாசகரின் தேர்வை டிசி ஸ்ட்ரிங் என்ற எழுத்துத் தொடராக மாற்றிச் சேமிக்கும்; விளம்பர நிறுவனங்கள் அதைப் படித்துத்தான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அறிந்துகொள்ளும். இந்தத் தொடரே தனிப்பட்ட தரவாக இருக்கக் கூடும் என்று 2024 மார்ச் 7 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், இதையும் வெறும் தொழில்நுட்பக் குறியீடு என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்று: ஒப்புதல் பெட்டியில் காட்டப்படும் விளம்பரப் பங்காளர் பட்டியலைக் குறையுங்கள். இயல்புநிலையில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பெயர்கள் வந்து நிற்கும். அத்தனை பேருக்கும் ஒருவர் தெரிந்து ஒப்புதல் அளித்தார் என்று எந்த முகத்தோடு சொல்வது? உங்களுக்கு உண்மையில் வருவாய் தருபவர்கள் யார் யார் என்று அறிக்கையில் பார்த்து, மற்றவர்களை நீக்குங்கள். நான் அப்படிக் குறைத்தபோது வருவாயில் பெரிய மாற்றம் இல்லை, பக்கமோ முன்னைவிட வேகமாகத் திறந்தது.

கரைவழி எழுதியது:

ஒரு சிறு மறுப்பு. நிராகரிப்பு பொத்தான் முதல் திரையில் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் எந்த வரியும் நேரடியாகச் சொல்லவில்லை. எல்லா நாடுகளும் ஒரே கருத்தில் இருப்பதாகவும் சொல்ல முடியாது. "சட்டபூர்வமான நலன்" (ஒப்புதல் கேட்காமல், தமக்குள்ள நியாயமான தேவையைக் காட்டித் தரவைப் பயன்படுத்துவது) என்ற அடிப்படையில் சில விளம்பரப் பணிகளைச் செய்யவும் டிசிஎஃப் இடம் தருகிறது. சிறிய தளங்களை நடத்துபவர்கள் தேவைக்கு மேல் அஞ்சி, தங்கள் பிழைப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

நூல்வலை எழுதியது:

சொல்லுக்குச் சொல் பார்த்தால் நீங்கள் கூறுவது சரிதான். கருத்து வேறுபாடு இருந்ததும் உண்மை. ஆனால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் பணிக்குழு 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஏற்புப் பொத்தான் உள்ள திரையில் மறுப்புப் பொத்தான் இல்லாதது விதிமீறல் என்றே மிகப் பெரும்பாலான நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் கருதின. கேள்வி கேட்டவருக்கு ஜெர்மன் வாசகர்கள் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: 2025 மார்ச்சில் ஹனோவர் நிர்வாக நீதிமன்றமும், "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்ற பொத்தான் இருக்கும் இடத்தில் அதற்கு நிகரான மறுப்புப் பொத்தானும் இருக்க வேண்டும் என்றே தீர்ப்பளித்தது.

சட்டபூர்வமான நலன் குறித்து: 2023இல் வந்த டிசிஎஃப் 2.2 பதிப்பு, விளம்பரத்துக்காகவும் உள்ளடக்கத்துக்காகவும் ஒருவரைப் பற்றிய சுயவிவரம் உருவாக்குவதற்கும், அதைக் கொண்டு தேர்ந்தெடுத்துக் காட்டுவதற்கும் அந்த அடிப்படையை நீக்கிவிட்டது. கருவியில் தகவலைச் சேமிப்பதற்கு அது முன்பும் பொருந்தியதில்லை. வாசகர் "வேண்டாம்" என்று சொன்ன பிறகு அதே வேலையை வேறு பெயரில் செய்ய வழி தேடுவதை, சட்டம் ஒருவேளை விட்டுவிட்டாலும், நான் ஆதரிக்க மாட்டேன்.

லென்சுப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதும் இந்த வேலையில்தான் இருந்தேன். மூன்று பொத்தான் வடிவத்தை அமைத்து, பங்காளர் பட்டியலை ஒன்பதாகக் குறைத்தேன். சோதித்தபோது விளம்பரக் குக்கிகள் நின்றுவிட்டன. ஆனால் மறுத்த பிறகும் இரண்டு குக்கிகள் எஞ்சியிருந்தன. தேடிப் பார்த்ததில் அவை ஒரு கட்டுரையில் நான் பதித்திருந்த வீடியோவிலிருந்து வந்தவை. இப்போது அந்த இடத்தில் ஒரு நிழற்படத்தை மட்டும் வைத்து, அதைச் சொடுக்கினால் வீடியோ எங்கிருந்து வரும், எவ்வகைக் குக்கி பதியும் என்று சொல்லிய பிறகே திறக்கும்படி மாற்றியிருக்கிறேன்.

ஒப்புதல் அளித்தவர் பின்னர் மனம் மாறினால் என்ன செய்வது? ஒருமுறை மறுத்தவரிடம் மறுபடி எப்போது கேட்கலாம்?

தறியோசை எழுதியது:

வீடியோவைக் கண்டுபிடித்தது நல்ல வேலை; அது பலரும் பார்க்கத் தவறும் இடம்.

ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதை அளிப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று ஜிடிபிஆரின் 7(3) பிரிவு சொல்கிறது. எல்லாப் பக்கங்களின் அடியிலும் "குக்கித் தேர்வை மாற்ற" என்று ஓர் இணைப்பை வைத்து, அதை அழுத்தினால் அதே மூன்று பொத்தான் பெட்டி மீண்டும் திறக்கும்படி செய்யுங்கள். தனியுரிமைக் கொள்கையின் பன்னிரண்டாவது பத்தியில் "மின்னஞ்சல் அனுப்பினால் நீக்குவோம்" என்று எழுதுவது இந்த விதிக்கு ஈடாகாது. அதே பிரிவின் முதல் உட்பிரிவு, ஒப்புதல் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்கிறது. எனவே எந்தத் தேதியில் எந்த வாசகத்தோடு பெட்டி இருந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி கேட்பதற்கு, தேர்வை ஆறு மாதம் நினைவில் வைத்திருப்பதை நல்ல நடைமுறையாக சிஎன்ஐஎல் குறிப்பிடுகிறது. ஏற்பு, மறுப்பு இரண்டுக்கும் ஒரே கால அளவை வையுங்கள். ஏற்றவரை ஓராண்டு விட்டுவிட்டு, மறுத்தவரிடம் ஒவ்வொரு வருகையிலும் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் சலிப்பில் அழுத்தும் "சரி" தாமாக முன்வந்து அளித்த ஒப்புதலாகாது.

லென்சுப்பெட்டி எழுதியது:

அடிக்குறிப்பில் இணைப்பை வைத்துவிட்டேன். இரண்டுக்கும் ஆறு மாதம் என்று மாற்றிவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பிய அந்த வாசகருக்கும் மாற்றங்களை விளக்கி, மறுபடி சோதித்துப் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். அவர் பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.