முதல் ஐம்பது டர்னில் நகரம் பிடிப்பது: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பாம்பன்காரன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. சித்தப்பா மகனும் நானும் ஒரே லேப்டாப்பில் மாறி மாறி சிவிலைசேஷன் 6 (சுருக்கமாக சிவ் 6) ஆடுவோம், டர்ன் டர்னாக நகரம் வைத்து நாட்டை வளர்க்கும் கணினி ஆட்டம். இந்த ஆண்டு ஆடியதில் ஓர் ஆட்டம் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. இங்கே படிப்பவர்களுக்கு ஆட்டம் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் இருவர் நாட்டுக்கும் நடுவே ஒற்றைக் கட்ட அகலத்தில் ஒரு நிலக்கழுத்து. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். அந்தக் கட்டத்தில் நகரம் வைத்தால் கப்பல்கள் நகரத்துக்குள் புகுந்து மறுகடலில் இறங்கலாம். பாம்பன் கால்வாயைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த இடத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புது நகரம் வைக்கப் போகும் ஆளான செட்லரை, என் முதல் செட்லரை, அதற்காகவே கிளப்பினேன். இன்னும் இரண்டு டர்ன் நடக்க வேண்டும். செட்லரைத் தொட்டால் நிலம் நிறம் மாறிக் காட்டுமல்லவா, அந்தக் கட்டம் வெளிர்பச்சையாக இருந்தது. லேப்டாப்பை அவனிடம் கொடுத்தேன். திரும்பி என் கைக்கு வந்தபோது கழுத்து முழுவதும் சிவப்பு, அதாவது இனி அங்கே நகரம் வைக்க முடியாது.

கழுத்தில் அவனும் நகரம் வைக்கவில்லை. அதுதான் ஆறவே இல்லை. இரண்டு கட்டம் தள்ளி ஆற்றங்கரையில் வைத்துவிட்டான். ஒரு நகரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று கட்டம் இருக்க வேண்டும் என்ற விதியால் கழுத்து யாருக்கும் இல்லாமல் போனது. கேட்டால், "நல்ல தண்ணீர் முக்கியம், கால்வாய் பிறகு" என்கிறான். ஆற்றங்கரையில் ஐந்து வீட்டுவசதி, கடற்கரையில் மூன்றுதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு கடலையும் இணைக்கும் ஒரே இடத்தை அதற்காகப் பாழாக்கலாமா? இப்படி ஒரு கட்டத்துக்காக மனம் ஆறாமல் இருப்பவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

கீழக்கரை மாணவி

இருக்கிறேன் காக்கா. என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, போனில் அன்சிவ் ஆடுகிறேன். சிவ் 5 விதிகளை அப்படியே எடுத்துச் செய்த இலவச ஆட்டம், பழைய போனிலும் ஓடும்.

அதில் நிலத்தைவிட மகிழ்ச்சிதான் கழுத்தைப் பிடிக்கும். புது நகரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று போகும், மக்கள் தலைக்கு ஒன்று போகும். நான் வேகமாக நகரங்கள் வைத்துக்கொண்டே போனேன், எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. வளர்ச்சி நத்தை வேகம். கடைசியாக வைத்த நகரத்தின் எதிரே கடலில் முத்து இருந்தது. அதை எடுத்தால் மகிழ்ச்சி நான்கு ஏறும், எல்லாம் சரியாகிவிடும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த வெள்ளை உருண்டைகளைத் திரையில் பார்த்தாலே ஓர் இழுப்பு.

பாய்மரத் தொழில்நுட்பம் முடித்து வேலைப்படகு கட்டினேன். படகு வெளியே வந்தது. முத்துக்கு இன்னும் ஒரே கட்டம். அடுத்த டர்ன் பொத்தானை அழுத்தினேன். கண்ணுக்கு எட்டாத பகுதியை மூடியிருக்கும் பனிமூட்டத்திலிருந்து, எந்த நாட்டையும் சேராத கொள்ளையரான பார்பேரியன்களின் கப்பல் ஒன்று வந்து படகை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. கரையில் வில்லாளி நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு எட்டவில்லை. அந்த ஒரு கட்டத்து நீலத்தை இன்றும் கண் மூடினால் காண்கிறேன்.

உங்கள் கழுத்துக்கு வருகிறேன். எத்தனை கப்பல் போகப்போகிறது அந்த வழியாக? முதல் ஐம்பது டர்னில் யாரிடமும் கப்பற்படை கிடையாது. தண்ணீர் உள்ள இடத்தைத் தம்பி எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். நான்கு நகரம், நல்ல இடத்தில், அதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

தொண்டி பழையவர்

தங்கச்சி சொன்ன கடைசி வரியை அப்படியே விட மனமில்லை. "நான்கு நகரம் போதும்" என்பது சிவ் 5இன் பாடம். அதை எல்லா ஆட்டத்துக்கும் பொருத்துவதால்தான் புதியவர்கள் நிலம் இருக்கும்போதே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு ஆட்டமும் விரிவதற்குக் கேட்கும் விலை வேறு. 2005இல் வந்த சிவ் 4இல் விலை பொன். நகரம் கூடக் கூட, தலைநகரத்திலிருந்து தூரம் கூடக் கூட, பராமரிப்புச் செலவு ஏறும். கஜானா வற்றினால் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் விகிதத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 2010இன் சிவ் 5இல் விலை மகிழ்ச்சி. 2013இல் வந்த விரிவாக்கத்தில் நகரத்துக்கு ஐந்து சதவீதம் ஆராய்ச்சிச் செலவும் சேர்ந்தது. அதனால்தான் அங்கே நான்கோடு நிற்பவன் முந்துகிறான். 2016இன் சிவ் 6இல் அந்த ஐந்து சதவீதம் கிடையாது. அங்கே பள்ளி வளாகம், துறைமுகம் போன்ற மாவட்டங்களை நகரத்துக்கு ஒவ்வொன்றுதான் கட்டலாம். ஆகவே நகரம் அதிகமானால் வளாகமும் அதிகம், அறிவியலும் அதிகம். மக்கள்தொகை நான்கானால் இரண்டாவது மாவட்டம், ஏழானால் மூன்றாவது. சிறிய நகரம்கூட இரண்டு மாவட்டத்தைத் தாங்கும். நிலம் தீரும்வரை வைக்க வேண்டும், அவ்வளவே.

விலை அங்கே செட்லரிலேயே இருக்கிறது. முதலாவதற்கு உற்பத்தி 80, பிறகு ஒவ்வொன்றுக்கும் 30 கூடும், தலைநகரத்தில் ஓர் ஆளும் குறையும். அதனால் முதலில் வேவு பார்க்கும் ஸ்கவுட், பிறகு கவண்காரன், பிறகு செட்லர். மொத்த மக்கள்தொகை ஆறைத் தொட்டால், கலாசாரத்தால் கற்கும் 'ஆரம்பப் பேரரசு' என்ற குடிமையியலின் ஒரு பகுதி தானாகவே முடிந்துவிடும். அது தரும் குடியேற்றக் கொள்கை அட்டையைப் போட்டால் செட்லருக்கு ஐம்பது சதவீதம் கூடுதல் உற்பத்தி. அட்டை இருக்கும் காலத்தில் செட்லர்களைத் தொடர்ச்சியாக எடுத்துவிட வேண்டும், நடுவில் நினைவுச்சின்னம், களஞ்சியம் என்று கையை மாற்றக் கூடாது. மாக்னஸ் என்ற ஆளுநரை வைத்து அவருடைய 'வழங்கல்' பதவி உயர்வைக் கொடுத்தால் செட்லர் எடுத்தாலும் ஆள் குறையாது. பணம் இருந்தால் ஒரு செட்லரை வாங்கியும் விடலாம். பாம்பன் தம்பியின் சித்தப்பா மகன் அப்படித்தான் முந்தியிருப்பான், கேட்டுப் பாருங்கள்.

என் அனுபவம் சிறியது. பார்பேரியன் ஸ்கவுட் ஒருவன் என் தலைநகரத்தைப் பார்த்துவிட்டான். தலைக்கு மேல் சிவப்பு ஆச்சரியக்குறி. என் போர்வீரன் டர்னுக்கு இரண்டு கட்டம், அவன் மூன்று. கடலோரமாகவே ஓடினான், துரத்தத் துரத்த இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவன் முகாமுக்குள் நுழைந்த பிறகு வந்த குதிரைவீரர்கள் என் இரண்டாவது செட்லரை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆச்சரியக்குறியைக் கண்டால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

தேவிபட்டினம்

தொண்டி அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன கணக்குகள் எல்லாம் சரி. "நிலம் தீரும்வரை வைக்க வேண்டும், அவ்வளவே" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018இல் வந்த விரிவாக்கத்திலிருந்து ஆளுநரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டீர்கள். சிவ் 6இல் விசுவாசம் என்று ஒன்று வந்துவிட்டது, அது தீர்ந்தால் நகரம் கையை விட்டுப் போகும்.

எனக்கு அண்டை நாடு ரோம். அழகன்குளத்தில் ரோமானியக் காசும் மண்பாண்டமும் கிடைத்த மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவன் என்பதால் ரோமை அண்டையில் கண்டதுமே மகிழ்ந்தேன். அவர்கள் கடற்கரையை ஒட்டி ஒரு விரிகுடா, அதில் மீன் இரண்டு இடத்தில், நண்டு ஓரிடத்தில். நகரம் வைத்தேன். ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் மக்கள் எல்லோரும் தங்கள் பக்கம் இழுப்பார்கள் என்பது விதி. ரோமின் தலைநகரம் ஐந்து கட்டத்தில் இருந்தது, அவர்களுக்குப் பொற்காலம் வேறு, இழுப்பு ஒன்றரை மடங்கு.

நூறில் தொடங்கிய எண் டர்னுக்கு டர்ன் சரிந்தது. ஆளுநரை அனுப்பினால் எட்டு கூடும், அனுப்பினேன். நினைவுச்சின்னத்துக்கு ஒன்று கூடும், அதுவும் பாதி கட்டி முடித்திருந்தேன். போதவில்லை. நகரத்தின் பெயர்ப்பலகை என் நிறத்திலிருந்து சுதந்திர நகரத்தின் சிவப்புக்கு மாறிய அந்த டர்னில், என் மீன்பிடிப் படகு இரண்டும் வலையோடு விரிகுடாவில் நின்றன. சில டர்னில் நகரம் ரோமிடம் போய்ச் சேர்ந்தது. நான் கட்டிய படகுகளில் அவர்கள் மீன் பிடித்தார்கள். சண்டை இல்லை, ஓர் அம்புகூட எய்யவில்லை. இது நியாயமா என்று இன்றும் கேட்கிறேன்.

ஆகவே அண்ணன், புதியவர்களிடம் சொல்லும்போது தலைநகரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றையொன்று தாங்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பாம்பன் தம்பிக்கு ஒன்று: புயல்களும் வெள்ளமும் சேர்ந்த இரண்டாவது விரிவாக்கம் உங்களிடம் இருந்தால் நீராவி ஆற்றல் வந்தபின் கால்வாய் மாவட்டமே தனியாகக் கட்டலாம். சமதரையாக இருக்க வேண்டும்.

பாம்பன்காரன்

தேவிபட்டினம் அண்ணனுக்கு நன்றி, விரிவாக்கம் இருக்கிறது. ஆனால் கழுத்து குன்று. அதையும் பார்த்துவிட்டேன்.

தொண்டி அண்ணன் சொன்னது உண்மை. கேட்டேன். பொன் கொடுத்து வாங்கிய செட்லர்தான். விலங்குத் தோலை ஒரு கணினி நாட்டுக்கு விற்றுச் சேர்த்த பொன்னாம். நிலத்தில் விளைந்ததை முதல் இருபது டர்னுக்குள் விற்கலாம் என்று அவனுக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் எனக்கு வியப்பு.

இராமேசுவரம் படகு

உங்களுடையது பெரிய ஆட்டம். வலை விட்டுக் காத்திருக்கும் நேரத்தில், சிக்னல் இல்லாத இடத்தில், நான் ஆடுவது பாலிடோபியா. முப்பது டர்னில் முடிந்துவிடும். செட்லரே கிடையாது, வரைபடத்தில் கிடக்கும் கிராமங்களைப் பிடிக்க வேண்டும். அதனால் முதல் சில டர்ன்தான் ஆட்டமே.

கிராமத்தின் மேல் நிற்கும் ஆள் அடுத்த டர்னில்தான் அதைப் பிடிக்க முடியும் என்பது தெரிந்திருக்கும். கிக்கூ இனத்தை எடுத்திருந்தேன், மீன்பிடித் தொழில் கையிலேயே இருக்கும். மேகம் விலகியது, கிராமம் தெரிந்தது, அதன் மேல் எதிரியின் வீரன் ஏற்கெனவே நிற்கிறான். என் வீரன் பக்கத்துக் கட்டம். அடித்தேன், பாதி உயிரோடு நின்றான். இன்னொருவன் இருந்தால் முடித்திருக்கலாம், அவன் எதிர்த்திசையில் மலையேறிக்கொண்டிருந்தான். எதிரி பிடித்த அந்தக் கிராமம் பிறகு அவனுடைய பெரிய நகரமாக வளர்ந்தது. அன்று வலையில் நல்ல பாடு. இருந்தும் கரை வரும்வரை அந்தப் பாதி உயிர் வீரனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், உடன் வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கீழக்கரை மாணவி

தொண்டி காக்கா, உங்கள் பட்டியல் எனக்குப் பயன்பட்டது, ஆனால் என் கவலை வேறு. அன்சிவில் உங்கள் பேச்சுப்படி நிலம் தீரும்வரை வைத்தால் மகிழ்ச்சி மைனஸ் பத்துக்குக் கீழே விழும், விழுந்தால் செட்லர் எடுக்கவே விடாது. என் கேள்வி படகைப் பற்றியது. முத்துக்கு முன்னால் திரீரீம் என்ற போர்க்கப்பலைக் கட்டிக் காவல் போடுவதா, படகை இரண்டாகக் கட்டி ஒன்றை இழக்கத் தயாராவதா? திரீரீம் கட்டும் டர்ன்களில் நகரம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

சாயல்குடி

தங்கச்சி, காவல் போடுங்கள். கப்பல் பனிமூட்டத்தையும் விலக்கும், அதுவே பாதி வேலை.

நான் 2025இல் வந்த சிவ் 7 ஆடுகிறேன். அதில் குடியிருப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு, மீறினால் மகிழ்ச்சி குறையும். நான் வரம்பைத் தொட்டதும் நின்றேன், இரண்டாம் யுகத்தில் சோழரை எடுத்துக் கடல் கடக்கலாம் என்று காத்திருந்தேன். முதல் யுகத்தில் ஆழ்கடலைத் தாண்ட விடமாட்டார்கள். தலைநகரத்துக்கும் இரண்டாவது ஊருக்கும் நடுவே ஒரு சிறு வெற்றிடம், எனக்கு உரியது என்றே எண்ணியிருந்தேன். வரைபடத்தின் மறுகோடியில் இருந்த கணினி அரசன் ஒருவன் தன் செட்லரை என் இரு ஊர்களுக்கும் நடுவே நடத்திக் கொண்டுவந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெற்றிடத்தில் ஊரை வைத்தான். அவனுடைய மற்ற ஊர்களுக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. நான் வயலாக்க நினைத்திருந்த இரண்டு கட்டம் அவன் எல்லைக்குள் போனது.

வரம்பை ஒன்று மீறியாவது அந்த இடத்தை அடைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். ஒரு ஊருக்காக எல்லா ஊரிலும் முகம் சுளிக்க வைப்பதா என்று எனக்குத் தயக்கம். சிவ் 7 ஆடுகிறவர்கள் வரம்புக்கு மேல் எத்தனை ஊர் தாங்குகிறது என்று எழுதுங்கள், முதல் யுகத்துக்கு மட்டும்.