ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் எச்.எம்.எஃப். வேண்டுமா?

பாலாடை: பிறந்த எடை 1,500 கிராமுக்குக் கீழே என்றாலே, ஒரு நாள் பால் எடையில் கிலோவுக்கு 100 மி.லி.யைத் தொட்ட அன்றே தாய்ப்பாலில் எச்.எம்.எஃப். (தாய்ப்பாலில் புரதமும் தாதுச் சத்தும் கூட்டும் ஊட்டப் பவுடர்) கலக்கச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையும் சொல்கிறது. முதலில் பாலை கிலோவுக்கு 180-க்கு ஏற்றுங்கள். எடை தினமும் கிலோவுக்கு 15 கிராம் ஏறினால் பவுடர் எதற்கு?

சிசுநலம்: அந்தப் பரிந்துரையை முழுசாகப் படிங்க சார். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,500 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் பரிசீலிக்கலாம் என்று அதிலேயே இருக்கு. கணக்கைப் பாருங்க. நீங்க சொல்ற 180 கணக்கில் 1,200 கிராம் பிள்ளைக்கு நாளுக்கு 216 மி.லி. பால். மூணு, நாலு வாரத்துத் தாய்ப்பாலில் 100 மி.லி.க்குப் புரதம் 1.2 கிராம் என்று வைத்தால், கிலோவுக்கு 2.2 கிராம்கூட வராது. தேவையோ குறைந்தபட்சம் 3.5 கிராம். பால் வங்கியில் வாங்கும் தானப் பாலில் 0.9 தேறினாலே பெரிசு. எடை ஏறுது, சரி. நீளத்தையும் தலைச் சுற்றளவையும் வாராவாரம் அளக்கிறீங்களா?

பாலாடை: புரதக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். என் பயம் வார்டில் நடப்பதைப் பற்றி. ஒரு கிராம் பாக்கெட் 25 மி.லி. பாலுக்கு. அந்தப் பிள்ளைக்கோ இரண்டு மணிக்கு ஒருதரம் 18 மி.லி. கண்ணளவில் முக்கால் பாக்கெட் கொட்டிவிட்டு, மீதியை மடித்து அடுத்த வேளைக்கு வைக்கிறார்கள். பவுடர் கிருமி நீக்கியது அல்ல. அதே பாலில் கால்சியம் சிரப், மல்டிவைட்டமின், இரும்புச் சொட்டு எல்லாம் சேர்ந்தால் ஆஸ்மோலாலிட்டி (பாலில் கரைந்திருக்கும் பொருட்களின் செறிவு) 450-ஐத் தாண்டும். வயிறு உப்பும், பாலையே நிறுத்திவிடுவார்கள்.

வங்கிப்பால்: பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம். 75 மி.லி. பாலில் மூன்று முழுப் பாக்கெட். நாலு வேளைக்கு 72 ஆச்சு, வீண் 3 மி.லி.தான். பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சுழற்றிக் கரைக்கணும். குலுக்கினால் நுரைதான் வரும். உடனே நாலு சிரிஞ்சில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சிரிஞ்ச் பம்ப் என்றால் முனை மேல்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் கொழுப்பு மேலே ஏறி, சிரிஞ்ச் சுவரில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பிள்ளைக்குக் கலோரி போகாது.

சிசுநலம்: சொட்டுகளை வேளை பிரித்துக் கொடுங்க. அதற்குமுன் பவுடர் லேபிளைப் பாருங்க, இரும்பும் வைட்டமின் டி-யும் அதிலேயே இருக்கலாம். டி சொட்டு மி.லி.க்கு 400 யூனிட்டும் உண்டு, 800-ம் உண்டு; பாட்டில் மாறினால் அளவு இரட்டிக்கும். இரும்பு இரண்டாம் வாரத்திலிருந்து கிலோவுக்கு 2 மி.கி. மி.லி.க்கு 10 மி.கி. உள்ள சொட்டு என்றால் இந்தப் பிள்ளைக்கு 0.24 மி.லி.

பாலாடை: 32 வாரத்துக்குக் கீழே கலந்தே கொடுக்கட்டும். 34 வாரத்தில் 1,450 கிராமோடு பிறந்து, தாய்ப்பாலிலேயே நன்றாக வளர்கிற பிள்ளைக்கு வேண்டாம் என்பதில் மாறவில்லை. அதற்குக் கால்சியம்-பாஸ்பேட் சிரப், டி, இரும்பு போதும். சிரப் பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் கால்சியம் அடியிலேயே தங்கிவிடும், வருவது இனிப்புத் தண்ணீர்.

சிசுநலம்: அப்படியென்றால் நாலாவது வாரம் ரத்தம் பார்த்தே ஆகணும். பாஸ்பேட் இறங்கி, ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பின் நிலையைக் காட்டும் ரத்த நொதி) 900-ஐத் தாண்டினால் எலும்புக்குப் போதவில்லை. பி.யு.என். (ரத்தத்தில் உள்ள யூரியா நைட்ரஜன்) 10-க்குக் கீழே கிடந்தால் புரதமும் போதவில்லை, 34 வாரமானாலும் அன்றைக்கே பவுடரைத் தொடங்குங்க.