டொராண்டோ வீட்டுத் தோட்டம்: கத்தரி, மிளகாய், பாகல் எப்போது நடலாம்?

கேள்வி:
வணக்கம். ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டின் பின்புறத்தில், நாள் முழுவதும் வெயில் படும் சிறு நிலத்தில் கத்தரி, மிளகாய், பாகல் பயிரிட விரும்புகிறேன். ஏப்ரலில் வெயில் வந்ததும் விதைகளை நேரடியாக மண்ணில் ஊன்றலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து ஊன்ற வேண்டாம். இங்கு மே முற்பகுதியிலும் இரவில் உறைபனி விழக்கூடும் என்பதாலும், கத்தரியும் மிளகாயும் நன்கு முளைக்க ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் மண் வெப்பம் தேவை என்பதாலும், மார்ச்சிலேயே வீட்டுக்குள் நாற்று வளர்த்து, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பின்னர், இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்காத நாள்களில் நடுவதே பாதுகாப்பானது. நடுவதற்கு முன் ஒரு வாரமாவது நாற்றுகளைச் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குங்கள். பலரும் தவிர்த்துவிடும் இந்த வேலையே மிக முக்கியமானது என்பேன்.

மறுமொழி 2:
பாகலின் வேர் குலைக்கப்படுவதைத் தாங்காது. ஆகவே விதையை ஓரிரவு ஊறவைத்து, ஏப்ரல் இறுதியில் தனித்தனிச் சட்டிகளில் ஊன்றி, மண்கட்டி உடையாமல் மாற்றி நடுங்கள். அதுவரை நிலம் வெறுமையாகக் கிடக்க வேண்டியதில்லை. முள்ளங்கியும் கொத்தமல்லியும் இலேசான உறைபனியைத் தாங்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாகலுக்கான பந்தலை எந்தப் பக்கம் அமைக்கலாம்?

மறுமொழி 2:
வடக்கு ஓரத்தில் அமையுங்கள். கத்தரியின் மீது நிழல் விழாது.