டெபியன் 13க்கு மாறியபோது மாட்டிக்கொண்ட ஐஸ் கழிவு

மண்டபத்திலிருந்து:

நண்டும் கணவாயும் கொள்முதல் செய்யும் ஒரு மீன் கம்பெனியின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கம்பெனியில் நெரிசல் இருக்காது. அவற்றை ஓட்டும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 12ஆம் பதிப்பிலிருந்து 13ஆக உயர்த்த அதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது. உயர்த்தும் வேலை சத்தமில்லாமல் முடிந்தது. தலைவலி அதற்குப் பிறகுதான்.

எடைச்சீட்டு அச்சிடும் நிரல், யாரோ ஒரு கல்லூரி மாணவர் எப்போதோ சி மொழியில் எழுதிக்கொடுத்தது. விலை மாறினால் நிரலுக்குள்ளேயே போய்த் திருத்தி மறுபடி கம்பைல் செய்து, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும் (அவரை எங்காவது பார்த்தால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது). அதைச் செய்யும் கம்பைலரான ஜிசிசியில் 12ஆம் பதிப்பு இருந்தவரை சில எச்சரிக்கைகளை முணுமுணுத்துவிட்டு வேலையை முடித்துத் தந்துவிடும். டெபியன் 13இல் இருப்பது ஜிசிசி 14. அதே வரிகளைப் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது: "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன் ஏடோஃப்". அதாவது, ஏடோஃப் என்ற சார்பை (ஃபங்ஷனை) அறிவிக்காமலே கூப்பிட்டிருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் குறுக்குவழி, ஜிஎன்யு89 என்ற பழைய சி மொழித் தரத்தைக் குறிப்பிட்டுக் கம்பைல் செய்வது. செய்தால் ஓடும். ஆனால் பிழை காட்டிய வரி ஐஸ் கழிவு (ஐஸுக்காக எடையில் கழிக்கும் அளவு) கணக்கிடும் இடமாக இருந்ததால் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "அந்தக் கட்டம் என்றைக்குமே சரியாக வராது தம்பி. ஒருநாள் பூஜ்யம் இருக்கும், ஒருநாள் லட்சக்கணக்கில் இருக்கும். அடித்துவிட்டுப் பேனாவால் எழுதிக்கொள்வோம்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்.

விஷயம் இதுதான். ஏடோஃப், எழுத்தாக வரும் 2.5ஐத் தசம எண்ணாக்கித் தரும் சார்பு. அதை அறிவிக்கும் எஸ்டிடிலிப் என்ற ஹெடர் கோப்பை அந்த மாணவர் சேர்க்கவே இல்லை. அறிவிக்காத சார்பு முழு எண்ணைத்தான் தரும் என்று எடுத்துக்கொள்வது பழைய சி வழக்கம். 64 பிட் கணினியில் தசம விடை செயலிக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) வந்து உட்காரும். கம்பைலரோ முழு எண்ணுக்கான வேறு பதிவேட்டில் போய்த் தேடும். அங்கே கிடந்த குப்பைதான் சீட்டில் அச்சாகியிருக்கிறது. இந்த வழக்கத்தை சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமே நீக்கிவிட்டது. ஜிசிசி மட்டும் வெறும் எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பில்தான் கதவைச் சாத்தினார்கள். கெடுபிடி அதிகம் என்று திட்டுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் எப்போதோ சாத்தியிருக்க வேண்டும்.

ஹெடரைச் சேர்த்தேன், நிரல் தொடங்கும் 'மெயின்' சார்பின் முன்னால் விடுபட்டிருந்த 'இன்ட்'டையும் (முழு எண் தரும் என்ற குறி) போட்டேன். கழிவு ஒழுங்காக வருகிறது.

தொண்டியிலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் கம்பைலர் வாயைத் திறந்தாவது சொன்னது. என் அக்கா மகன் உபுண்டு 22.04 என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருக்கிறான். அதிலுள்ள பைதான் மொழியின் 3.10 பதிப்பு போதாதென்று 3.12ஐ நிறுவி, 'பைதான்3' என்ற இணைப்பையே புதியதற்குத் திருப்பிவிட்டான். அடுத்த முறை, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைச் சொடுக்கினால் திறக்கவே இல்லை. உபுண்டுவில் அந்த டெர்மினலைத் தொடங்கி வைப்பதே ஒரு பைதான் நிரல். அது தனக்குப் பழக்கமான 3.10ஐத் தேடுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் நுழைந்து, இணைப்பைப் பழையபடி 3.10க்குத் திருப்பிய பிறகுதான் உயிர் வந்தது.

கணினியோடு வந்த பைதான் கணினிக்கு உரியது, நம் சோதனைக்கு உரியதல்ல. புதியது வேண்டுமென்றால் பக்கத்தில் நிறுவி, 3.12 என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'வென்வ்' என்ற தனிச் சூழல் போட்டுக்கொள்ளலாம். டெபியன் 12 முதல், பைதான் தொகுப்புகளை நிறுவும் 'பிப்' கட்டளையே கணினியின் பைதானில் கைவைக்க மறுத்துவிடுகிறது. அவனைப் போன்றவர்களுக்காகவே வைத்தது போலிருக்கிறது.

பாம்பனிலிருந்து:

இன்னும் டெபியன் 12இல் இருந்துகொண்டு ரஸ்ட் மொழியில் நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு தகவல். அதிலுள்ள ரஸ்ட் 1.63. ரஸ்ட் திட்டங்களைக் கட்டித் தரும் கருவி கார்கோ; இப்போதைய திட்டங்களின் கார்கோ லாக் கோப்பு (எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்ற பட்டியல்) நான்காம் வடிவத்தில் வருவதால் பழைய கார்கோ அதைப் படிக்காது. டெபியன் 13க்குப் போனால் 1.85 கிடைக்கும். போக முடியாதவர்கள் ரஸ்ட்அப் என்ற நிறுவி வழியாக நிறுவினால் எல்லாம் வீட்டுக் கோப்புறைக்குள் அடங்கிவிடும், நிர்வாகி கடவுச்சொல் கேட்காது. எங்கள் பக்கம் செல்போன் சிக்னலை நம்பித்தான் பதிவிறக்கம் என்பதால் 'மினிமல்' என்ற தேர்வைக் கொடுத்துவிடுவேன். கையேடுகளை இறக்காமல் கம்பைலரையும் கார்கோவையும் மட்டும் கொண்டுவரும்.