சில்வர் ஓக் பலகையில் துளை போட எந்த பிட்? புகை வருகிறது, ஓரம் பிளக்கிறது

கோத்தகிரி டீச்சர்:

வணக்கம். வீட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அதில் கூரைமேல் சாய்ந்து நின்ற ஒரு சில்வர் ஓக்கை அனுமதி வாங்கி வெட்டினோம். விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மில்லில் ஆறு நூல் (முக்கால் அங்குலம்) கனத்துக்குப் பலகை அறுத்து, ஒரு வருடத்துக்கு மேல் மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கிக் காய வைத்தேன். ஒரு பலகையை இழைத்துப் பார்த்தபோது மீன் செதில் மாதிரி மினுமினுப்பு. சரி, கதவு வைத்த புத்தக அலமாரி ஒன்றை நானே செய்துவிடுவது என்று இறங்கிவிட்டேன்.

வீட்டில் டிரில் மெஷின் இருக்கிறது. அதோடு வந்த டப்பாவிலிருந்த பிட்டைப் போட்டேன். பலகையில் துளை விழவில்லை, புகைதான் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வேறொரு பிட் கொடுத்தான். அதில் துளை விழுந்தது, ஆனால் குறி வைத்த இடத்தை விட்டு 2 மிமீ நகர்ந்து விழுந்தது. பின்பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தும் விட்டது. பொறுமை போய், துளையே இல்லாமல் ஸ்க்ரூவை முடுக்கினேன். பலகை நுனியிலிருந்து ஒரு சாண் பிளந்தது.

எனக்கு வேண்டியது மூன்று வகைத் துளை: 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு, பலகைகளை இணைக்கும் 8 மிமீ மரமுளைக்கு, கதவின் ஆட்டோ ஹிஞ்சுக்கு (கதவுக்குள் பதித்து வைக்கும் கீல்) 35 மிமீ. கடையில் கேட்டால் ‘எல்லாம் ஒண்ணுதான் மேடம்’ என்கிறார்கள். உண்மையா?

ஊட்டி குளிர்:

தங்க நிறத்தில் டைட்டானியம் பிட் செட் கிடைக்கும். இரும்பு, மரம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

குன்னூர் பிட்டர்:

டீச்சரம்மா, கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். தங்க நிறம் மேலே ஒரு மெல்லிய பூச்சு. பிட் சீக்கிரம் தேயாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். மரத்தில் துளை எப்படி விழும் என்பதைத் தீர்மானிப்பது நுனியின் வடிவம்.

நான் டீ பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்க இரும்பைத் துளைத்தவன் மரத்துக்கு வந்தபோது நீங்கள் செய்த அத்தனையும் நானும் செய்தேன்.

முதலில் அந்தப் புகை. உங்கள் டப்பா பிட்டின் நுனியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஆப்பு பதித்து, நுனி மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கிறதா? அப்படியென்றால் அது சுவர் பிட். கல்லை இடித்து நொறுக்கத்தான் அது. அதற்கு வெட்டும் கூர் கிடையாது. மரத்தில் தேய்க்கும், சூடாகும், கருக்கும். மெஷினில் சுத்தியல் படம் போட்ட பக்கம் குமிழ் இருந்தால் அதையும் துளை படத்துக்குத் திருப்பிவிடுங்கள். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: பிட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் பாருங்கள். ரிவர்ஸில் போட்டுவிட்டு கால் மணி நேரம் கடைக்காரனைத் திட்டியவன் நான்.

தம்பி கொடுத்தது கறுப்பான ஹைஸ்பீட் ஸ்டீல் பிட்டாக இருக்கும். அது மரத்தையும் வெட்டும். ஆனால் அதன் நுனி இரும்புக்கென்று மழுங்கலான கோணத்தில் தீட்டியது. மரத்தில் நார் ஓடுகிற பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்க்ரூ துளைக்கு அது போதும். கீழ்ப் பலகைக்கு 3 மிமீ. மேல் பலகைக்கு 4.5 மிமீ, ஸ்க்ரூ தாராளமாக நுழைந்து போகிற அளவு. மேல் பலகையிலும் மரை பிடித்தால் இரண்டு பலகைக்கும் நடுவில் சந்து விழும், எவ்வளவு முடுக்கினாலும் சேராது. ஓரம் பிளப்பதும் இந்த 3 மிமீ துளையைப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மரமுளைக்கு மட்டும் பிராட் பாயின்ட் பிட் ஒன்று, 8 மிமீ, தனியாக வாங்குங்கள். நடுவில் ஊசி, ஓரத்தில் இரண்டு கூர். ஊசி குறியில் உட்கார்ந்துகொள்ளும். ஓரக் கூர் நாரை வட்டமாக முதலில் அறுத்துவிடும், அப்புறம்தான் நடுப்பகுதி சீவும். துளை வாய் அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஹிஞ்சுக்கு 35 மிமீ ஃபோர்ஸ்ட்னர், அடி தட்டையாக அகலத் துளை போடுகிற பிட். கடையில் ‘ஹிஞ்ச் பிட்’ என்று கேட்டால் கிடைக்கும். பலகை ஓரத்திலிருந்து 22.5 மிமீ தள்ளி மையம், ஆழம் 12 மிமீ சுமார். ஹிஞ்சோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைவாக, மெஷினை நேராகப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி. இதன் நடு ஊசி மற்ற பாகத்தை விடச் சில மிமீ நீளம். நான் அதை மறந்து 15 மிமீ பலகையில் போட்டேன். கதவின் முன்பக்கம் ஊசி எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் என் வீட்டுக்காரம்மா முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறாள். யார் வந்தாலும் காலண்டரைத் தூக்கிக் காட்டுவாள், அது வேறு கதை.

கோத்தகிரி டீச்சர்:

ரொம்ப நன்றி ஐயா. பார்த்தேன், டப்பாவில் இருந்த ஐந்தும் சுவர் பிட்! ஒரு சந்தேகம். ஹிஞ்ச் துளை மொத்தமே நான்குதான். அதற்கென்று ஒரு பிட் வாங்காமல், துடுப்பு மாதிரி தட்டையாக இருக்குமே, அந்த ஃப்ளாட் பிட்டில் போடலாமா? அது வீட்டில் இருக்கிறது. ஆனால் துரு. இங்கே மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் ஊசி முதல் அரிவாள் வரை எல்லாமே துரு.

பண்ணைக்காடு ஆசாரி:

பழனி மலையிலிருந்து ஒரு வார்த்தை. ஃப்ளாட் பிட் ஹிஞ்சுக்கு வேண்டாம் தங்கச்சி. அதன் நடு முள் மிக நீளம். நீங்கள் 12 மிமீ ஆழம் போவதற்குள் ஆறு நூல் பலகையின் மறுபக்கம் வந்துவிடும். வயர், குழாய் நுழைக்க ஊடு துளை போடத்தான் அது. அதிலும் முள் மறுபக்கம் தலைகாட்டியதும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து போட வேண்டும்.

சிலாம்பு பெயராமல் இருக்க, அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிட் காற்றுக்குள் போகாமல் கட்டைக்குள் போக வேண்டும்.

பிட்டர் அண்ணன் சொன்ன பிராட் பாயின்ட் நல்லதுதான். ஆனால் அது இல்லாமலும் முடியும். குறியில் குத்தூசியால் ஆழமாக ஒரு குத்து, பிறகு 3 மிமீ, பிறகு 8. இத்தனை வருடம் அப்படித்தான் போடுகிறேன். என் தாத்தா காலத்தில் வில்லை இழுத்துச் சுற்றும் தமர்தான்; அதிலேயே நிலைக்கதவுக்கு முளைத் துளை போட்டார்கள்.

துருவுக்கு: வேலை முடிந்ததும் பிட்டில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, அடுப்பு எரிகிற அறையில் வையுங்கள். பிசின் ஒட்டினால் நீலகிரி தைலத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், கரைந்துவிடும். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்.

குன்னூர் பிட்டர்:

ஆசாரி கை வேறு, டீச்சர் கை வேறு ஐயா. 3 போட்டுவிட்டு நேரே 8க்குப் போனால் புதியவர் கையில் பிட் கவ்வி இழுத்து வாயைப் பிய்த்துவிடும். ஒரே ஒரு பிட், வாங்கட்டும். தைலம் விஷயம் எனக்குப் புதிது, இன்றைக்கே பார்க்கிறேன்.

கோத்தகிரி டீச்சர்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பிராட் பாயின்ட் வாங்கினேன் (ஆசாரி அண்ணா மன்னிக்கவும்). பிளந்த பலகையில் பத்துத் துளை போட்டுப் பழகிவிட்டு நல்ல பலகைக்குப் போனேன். ஹிஞ்ச் பிட்டில் சீவல் ரிப்பன் ரிப்பனாக வருகிறது. புகை இல்லை. நான்கில் ஒரு துளை 1 மிமீ தள்ளிப் போய்விட்டது, ஹிஞ்சிலிருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிக் கதவைச் சரிக்கட்டினேன். ஒன்றுதான் புரியவில்லை: முழங்கை வரை சிவந்து அரிக்கிறது.

குன்னூர் பிட்டர்:

சில்வர் ஓக் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது அம்மா. முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மாஸ்க், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அலமாரி படத்தைப் போடுங்கள், காலண்டர் தேவைப்படுகிறதா என்று பார்க்கிறேன்.